மங்கு மறையுமா?

கேள்வி: கன்னத்தில் மங்கு. நியாசினமைடு சீரம் போட ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. ஒரு மாற்றமும் இல்லை. காசு போச்சா?

பதில்: இருங்கள், அவசரப்படாதீர்கள். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஏற்கெனவே படிந்த நிறமி தோலோடு உதிர்ந்துதான் போக வேண்டும். புது நிறமி மேலே ஏறிச் சேராமல் நியாசினமைடு குறைக்கும். நிறமி உருவாவதையே அசெலாயிக் அமிலம் தடுக்கும். எதைப் போட்டாலும் 8 முதல் 12 வாரம் விடாமல் போடுங்கள். வாரத்துக்கு ஒரு பாட்டில் மாற்றினால் லாபம் கடைக்காரருக்கு மட்டும்தான்.

கேள்வி: எலுமிச்சம்பழம் தேய்க்கலாமா?

பதில்: ரசத்தில் பிழியுங்கள். முகத்தில் பிழிந்துகொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து, இருப்பதைவிடக் கருப்பாகத் தழும்பு விழும்.

கேள்வி: நான் வெளியிலேயே போவதில்லை. எனக்கு எதற்கு சன்ஸ்கிரீன்?

பதில்: புற ஊதா-ஏ கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். நம் மாநிறத் தோலில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கிளறிவிடும். அதனால் அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். இதைப் போடாமல் சீரம் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய க்ரீமில் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, திரும்பப் போட்டால் அடங்குகிறது. தொடரலாமா?

பதில்: அம்மா, அந்த ட்யூபை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் போங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். எல்லாம் ஸ்டீராய்டு. முதலில் வெளுக்க வைக்கும். போகப்போகத் தோலை மெலிய வைத்து, ரத்த நாளங்களைக் கோடு கோடாகக் காட்டி, பருவையும் பூனைமுடியையும் கொண்டுவரும். விட்டால் எரியும் என்பதால் விடவும் முடியாது. இந்தக் கேடு பெருகியதால்தான் 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று விதியை இறுக்கியது. ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் ஸ்டீராய்டும் சேர்ந்த க்ரீமை மருத்துவரே மங்குக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. அது சில வாரங்களுக்கு, அவர் கண்காணிப்பில். பக்கத்து வீட்டுச் சீட்டை வைத்து வாங்குவதற்கு அல்ல. பிள்ளை உண்டாகியிருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: மகனுக்குக் கழுத்தெல்லாம் கருப்பு. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தும் போகவில்லை.

பதில்: பாவம், பிள்ளையின் கழுத்தை விட்டுவிடுங்கள். அது அழுக்கில்லை. வெல்வெட் மாதிரித் தடித்திருந்தால் பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். முதலில் சர்க்கரையும் எடையும் பாருங்கள்.

கேள்வி: பெண் பார்க்க வந்தவர்கள் ‘நிறம் கொஞ்சம் கம்மி’ என்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் லேபிள் இல்லாத டப்பாவில் க்ரீம் தருகிறார். மூன்றே மாதத்தில் சிவப்பாகிவிடுவாளாம்.

பதில்: அந்த டப்பாவைத் தொடாதீர்கள். இப்படிப்பட்ட க்ரீம்களில் பாதரசம் இருப்பதுண்டு. 2023இல் கேரளத்தின் மலப்புறத்தில் சிகப்பழகு க்ரீம் போட்டவர்கள் சிறுநீரகம் கெட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். மங்குக்கும் பருத் தழும்புக்கும் மருந்து உண்டு. பிறந்த நிறம் நோயில்லை, அதற்கு மருந்தும் இல்லை. க்ரீமை மாற்றாதீர்கள், மாப்பிள்ளை வீட்டை மாற்றுங்கள்.