நெகட்டிவ் ரிப்போர்ட் வாங்க நல்ல வழிகள்

மொய்க் கவரில் பெயர் எழுதியாகிவிட்டது. பட்டுப்புடவை அயர்ன் கடையிலிருந்து வந்துவிட்டது. முகூர்த்தத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தொண்டை கரகரக்கிறது. மதுரவாயலிலிருந்து பூந்தமல்லி வரை ரோட்டோரம் முழுக்கக் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய மருத்துவ நெருக்கடி கிடையாது. இந்த நேரத்தில் வேண்டியது ஒரு தாள். அதில் ‘கொரோனா நெகட்டிவ்’ என்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொரோனா பரவியதால் 2020 மே 5ஆம் தேதி சென்னை கோயம்பேடு மார்க்கெட்டை மூடி, காய்கறி வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் வேலப்பன்சாவடி அப்போதே இந்த விஷயத்தில் நிறையப் பார்த்துவிட்டது. அடுத்த முறைக்கு உதவட்டும் என்று சில யோசனைகள்.

முதலில், எதைக் கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். குச்சியை நீட்டியதும் மூக்கைக் காட்டுவது ஏமாளித்தனம். சீனாவில் தொற்று உறுதியான 205 நோயாளிகளிடமிருந்து 1,070 மாதிரிகளைச் சோதித்து, 2020 மார்ச்சில் ‘ஜாமா’ மருத்துவ இதழில் கணக்கு வெளியிட்டார்கள். நம் கைடு புத்தகம் அதுதான். 72 சிறுநீர் மாதிரிகளில் ஒன்றில்கூட வைரஸின் மரபுப்பொருள் அகப்படவில்லை. நோய் இருக்கிறது, ரிசல்ட் பூஜ்யம்! ஆகவே லேப்பில், “யூரின் கொடுத்துட்டுப் போறேனே” என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சம்மதிக்கவில்லையென்றால் ரத்தம். 307 மாதிரிகளில் 3 மட்டுமே பாசிட்டிவ். கொஞ்சம் ரிஸ்க்தான், ஆனால் ஊசி குத்தி ரத்தம் எடுத்தால்தான் டெஸ்ட் என்று நம்புகிற மாமனார்களுக்குத் திருப்தியாக இருக்கும்.

மலம் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 153இல் 44 பாசிட்டிவ், அதாவது 29 சதவீதம். தொண்டையில் எடுத்ததிலோ 398இல் 126, 32 சதவீதம்தான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போதாக்குறைக்கு, தொண்டை சுத்தமான பிறகும் மலத்தில் பல நாள் வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. வந்துகொண்டிருக்கும். இதை நம்பித்தான் 2021 ஜனவரியில் பெய்ஜிங்கில் சிலருக்கு ஆசனவாயில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். ஜப்பான் அரசு, எங்கள் ஆட்களுக்கு இது வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் அளவுக்கு விவகாரம் போனது. மண்டபத்தில் கேட்டால் சொல்ல முடிகிற கதையா இது?

மூக்கு 63 சதவீதம். அது வெறும் 8 மாதிரிகளை வைத்துச் சொன்ன 63 என்பதால் நான் அதை அவ்வளவாக நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம். கெட்டியான சளி 72 சதவீதம். கையில் டப்பாவைக் கொடுத்து, “நல்லா இருமித் துப்புங்க” என்றால் எச்சிலைத் துப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நுரையீரலுக்குள் குழாய் விட்டுக் கழுவி எடுத்த திரவத்தில் 15க்கு 14 பாசிட்டிவ். அந்த அறைப் பக்கமே போகாதீர்கள். வைரஸ் எங்கே குடியிருக்கிறதோ அங்கே தேடினால் கிடைத்துவிடும் என்ற ஆபத்து எப்போதும் உண்டு.

சரி, மூக்குதான் என்று அடம்பிடிக்கிறார்கள். குச்சி போக வேண்டிய ஆழம் மூக்குத் துவாரத்திலிருந்து காது ஓட்டை வரை உள்ள தூரம். கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பாருங்கள், பயம் தானாக வரும். உள்ளே போய் மூக்கின் பின்சுவரைத் தொட்டு, சில நொடி நின்று, சுழன்று வர வேண்டும். அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு.

“அண்ணே, தலையைப் பின்னாடி சாய்ங்க. கண்ணு லேசா கலங்கும், பரவால்ல.”

“போதும்மா, போதும்மா!”

“இன்னும் உள்ளயே போகலண்ணே.”

இந்த இடத்தில் ஒரு தும்மல், கையால் ஒரு தட்டு. மூக்கு முடியை மட்டும் தடவிய குச்சி, நுனி ஒடிந்து இளஞ்சிவப்புத் திரவக் குப்பிக்குள் போகும். ஆனால் அடியோடு ஏமாற்ற முடியாது. பல கிட்களில் மனிதச் செல்லுக்கே உரிய ‘ஆர்னேஸ் பி’ என்ற மரபணுவையும் சேர்த்துத் தேடுவார்கள். அதுவும் இல்லையென்றால் நெகட்டிவ் வராது, “மாதிரி செல்லாது, மறுபடி வாங்க” என்று வரும். தான்சானியா அதிபர் மகுஃபுலி 2020 மே மாதம் ஆட்டுக்கும் பப்பாளிக்கும் மனிதப் பெயர் வைத்து லேப்புக்கு அனுப்பி, பாசிட்டிவ் வந்ததாக நாட்டு மக்களுக்கே அறிவித்தார். அந்த ஐடியாவைத் தலைகீழாக்கி, நெகட்டிவுக்காகப் பப்பாளியைக் கொண்டுபோக நினைக்காதீர்கள். ஆர்னேஸ் பி காட்டிக்கொடுத்துவிடும்.

குச்சியை நீங்களே வாங்கிக்கொடுக்கும் வாய்ப்பு இருந்தால் மரக்குச்சியில் பஞ்சு சுற்றியதைக் கொடுங்கள். அதிலுள்ள பொருள்கள், மரபுப்பொருளைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். வினையையே கெடுக்கக்கூடும் என்பதால்தான் லேப்காரர்கள் நைலான், பாலியெஸ்டர் கேட்கிறார்கள். ஐஸ் பாக்ஸும் அப்படித்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய குப்பியை, மே மாத மதியத்தில் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து வானகரம் சிக்னலைக் கடந்தால், ஆர்.என்.ஏ. பாதி வழியிலேயே நைந்துபோக ஆரம்பிக்கும்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. செலவும் இல்லை, வலியும் இல்லை. சீக்கிரம் போங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020இல் போட்ட கணக்குப்படி, தொற்றிய முதல் நாளில் சோதித்தால் 100 சதவீதம் தப்பாக நெகட்டிவ் வரும். நான்காம் நாளில் 67. அறிகுறி தெரிகிற அன்றைக்குக்கூட 38. எட்டாம் நாள் வாக்கில் 20க்கு இறங்கும். அதுதான் நமக்கு மோசமான நாள். எனவே கொரோனாக்காரரோடு ஒரே காரில் வந்து இறங்கிய கையோடு லேப்புக்குள் நுழைந்துவிடுங்கள். வருகிற தாளை லேமினேட் செய்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, இருமும்போதெல்லாம் எடுத்துக் காட்டலாம்.

இவ்வளவுக்கும் பிறகு ‘பாசிட்டிவ், சி.டி. 33’ என்று வந்தால்? பக்கத்து வீட்டுக்காரர், “ஸ்கேனே எடுக்கலையே, சி.டி. எப்படி வந்துச்சு?” என்பார். இந்த சி.டி. வேறு. மெஷின் ஒவ்வொரு சுற்றிலும் மரபுப்பொருளை இரட்டிப்பாக்கும். எத்தனையாவது சுற்றில் அது கண்ணுக்குத் தெரிகிறது என்பதே அந்த எண். 35 சுற்று ஓடினால் ஒன்று 3,435 கோடிக்கு மேல் ஆகும். கேரி மல்லிஸ் 1983இல் இந்த பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்து, 1993இல் நோபல் பரிசும் வாங்கிப்போனார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். அப்போது 35இல் கோடு கிழித்திருந்தது. 33 என்றால் வைரஸ் கொஞ்சம்தான் என்று பந்தியில் வாதாடலாம். குச்சி சரியாகப் போகாவிட்டாலும் அதே 33 வரும் என்பதை மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாக, தப்பவே முடியாத ஒரு லேப் இருக்கிறது. அதற்குக் குச்சி வேண்டாம், சம்மதமும் வேண்டாம். ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் சாக்கடை நீரில் வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடி, அந்த ஊரில் சுமார் 6.6 லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் கணித்தார்கள். அறிகுறி இல்லாதவர், டெஸ்டுக்கே போகாதவர், தும்மித் தப்பித்தவர் எல்லோரும் அதில் சேர்த்தி. நல்லவேளையாகச் சாக்கடை ஊரைச் சொல்லுமே தவிரப் பேரைச் சொல்லாது. அதற்கும் கூச்சப்படுகிறவர்கள் ஒரு பத்து நாள் திருமழிசையில் மச்சான் வீட்டில் தங்கிவிட்டு வாருங்கள். கணக்கு அந்த ஊரில் ஏறும்.