எழுத்து எந்திரிச்சு நிக்கணும்

"எழுத்து எந்திரிச்சு நிக்கணும்." மதுரையில் தகரப் பலகை எழுதக் கொடுத்த பாத்திரக்கடை முதலாளி சொன்னதும் இதுதான், பத்துக்கு எட்டில் பிளெக்ஸ் அடிக்க வந்த வட்டச் செயலாளர் சொன்னதும் இதுதான். படுத்திருக்கும் எழுத்தை எழுப்பிவிடும் ஆள்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்.

எண்பதுகளில் அந்த ஆள் எங்கள் மாஸ்டர். சாக்பீஸ் பொடி தேய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார். எனாமலில் எழுத்தை நிரப்பி ஒரு ராத்திரி காயவிடுவார். ஷேடு மறுநாள்தான். எடுபிடிப் பையனான என்னிடம் தூரிகையைக் கழுவக் கொடுக்கும்போதே கேட்பார்: "வெளிச்சம் எங்கேருந்துடா வருது?" இடப்பக்கம் மேலிருந்து என்று வைத்துக்கொண்டால், எழுத்துக்கு வெளியே வலப்பக்கமும் அடியிலும் நிழல் விழும். இங்கிலீஷ் எழுத்து என்றால் இத்தோடு பாதி வேலை தீர்ந்தது. நம் எழுத்தில் சுழி இருக்கிறதே! சுழிக்குள்ளே கணக்கு தலைகீழ். நிழல் இடது மேல் ஓரத்தில் விழ வேண்டும், மெல்லிய பிறையாக. 'ணை' வந்தால் மாஸ்டர் ஒரு பீடி பற்றவைத்துவிட்டுத்தான் தொடங்குவார். எழுத்துக்கும் ஷேடுக்கும் நடுவே பலகையின் நிறம் மயிரிழை அளவு தெரியும்படி விடுவார். அந்த இழையில்தான் எழுத்து பலகையை விட்டு எழும்பும்.

1989-ல் வெளிவந்த கோரல்டிரா எங்கள் தெருவுக்கு வந்து சேரத் தொண்ணூறுகளின் பாதி ஆகிவிட்டது. டி.டி.பி. சென்டரில் எனக்கு நாற்காலி கிடைத்தது. எக்ஸ்ட்ரூட் கருவியை எடுத்து இழுத்தால் எழுத்துக்குப் பின்னால் உடம்பு முளைக்கும். திரையில் தெரியும் பெருக்கல் குறியை நகர்த்தினால் உடம்பும் அந்தப் பக்கம் சாயும். ஆனால் அன்றைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் வளைவுக்கு வளைவு தேவையில்லாத புள்ளிகள் அப்பிக் கிடந்தன. சுழியின் பக்கச்சுவர் நூறு துண்டாக உடைந்து, மணற்கடிகாரம் திரையில் நிற்கும். டீ குடித்துவிட்டு வரலாம், பல நாள் சாப்பிட்டுவிட்டே வரலாம். கம்ப்யூட்டரும் 'ணை'க்குப் பீடி பற்றவைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

1998-ல் வந்த போட்டோஷாப் 5 இந்தக் காத்திருப்பையும் ஒழித்தது. பெவல் அண்ட் எம்பாஸ். ஒரு டிக், எழுத்து புடைத்துவிடும். அதே ஆண்டு கூகுளின் செர்கே பிரின் கிம்ப் மென்பொருளில் செய்த லோகோவும் புடைத்த எழுத்துதான். ஆகவே மோகம் எங்கள் தெருவோடு நிற்கவில்லை. பிளெக்ஸ் மலிந்ததும் காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை எல்லாமே தங்கக்கட்டி எழுத்து. "பத்தாது தம்பி, இன்னும் தூக்குங்க" என்று முதுகுக்குப் பின்னால் நின்று சொல்வார்கள். தூக்கினேன். எல்லா எழுத்தும் எழுந்து நின்றால் எது நிற்கிறது என்று தெரியாது என்பதைச் சொல்லிப் பார்த்தவர்களுக்கு வேலை போயிற்று. மாஸ்டரின் கேள்விக்கென்றே போட்டோஷாப்பில் குளோபல் லைட் என்று ஒரு கட்டம் உண்டு. எல்லா எழுத்துக்கும் ஒரே திசை வெளிச்சம். அதை யார் மதித்தார்கள்? தலைவர் பெயருக்கு இடமிருந்து, மணமக்கள் பெயருக்கு வலமிருந்து, வாழ்த்துவோர் பட்டியலுக்குக் கீழிருந்து. ஒரே பேனரில் மூன்று சூரியன், கட்சிச் சின்னத்தைச் சேர்க்காமல்.

பிறகு காற்று திசை மாறியது. 2013-ல் கூகுள் லோகோ தட்டையானது, ஐபோன் திரையும் தட்டையானது. 2007-ல் போட்டோஷாப்புக்குள் வந்த 3டி வசதிகளைக் கைவிடுவதாக 2021-ல் அடோபியே சொல்லிவிட்டது. பாத்திரக்கடை முதலாளியின் பேரன் டிசைன் படித்துவிட்டு வந்து, "அங்கிள், பெவல் எல்லாம் வேணாம், ஃப்ளாட்டா இருக்கட்டும்" என்கிறான். கூடவே, தாத்தா காலத்துப் பலகை மாதிரி 'ஹேண்ட் பெயின்ட்' சாயலும் வேண்டுமாம். தூரிகைத் தடம் தெரிந்தால் மாஸ்டர் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். இப்போது அந்தத் தடம் காசு கொடுத்து வாங்கும் எழுத்துருவில் தயாராக வருகிறது.

பேரன் கடைக்குப் பலகை கடைசியில் 3டி லெட்டர்தான்: அக்ரிலிக், உள்ளே எல்.இ.டி., நிஜமாகவே இரண்டு இஞ்ச் கனம். இத்தனை காலம் பொய்யாகப் புடைத்தது இப்போது கையால் பிடிக்கும்படி புடைத்திருக்கிறது. அதற்கு சி.என்.சி. கடைக்காரர் கேட்டது என்ன தெரியுமா? "ஷேடு, எஃபெக்ட் எதுவும் வேணாம் சார். வெறும் அவுட்லைன் போதும்." கொடுத்தேன். மவுஸை உருட்டிப் பார்த்தவர் 'ணை'யில் நின்றார். அவ்வளவு சின்னச் சுழிக்குள் பக்கப்பட்டியை வளைத்து ஒட்டுவது சிரமமாம். "இங்கிலீஷ்ல பெருசா போட்டுட்டு தமிழைச் சின்னதா ஸ்டிக்கர்ல ஒட்டிக்கலாமே?" கடைப் பலகையில் தமிழுக்கு 5 பங்கு, ஆங்கிலத்துக்கு 3 பங்கு என்று அரசு விதி இருப்பதைப் பேரன் எடுத்துச் சொன்னான். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, சுழிக்குத் தனி ரேட் போட்டு பில்லை நீட்டினார்.