பேத்தியார் எலும்பு படிக்கிறா

எடி பிள்ளை, நீ லீவில வந்த நாள் தொட்டு உன்ர அறைக்குள்ள ஒரே மந்திரமாக் கிடக்கு. "எச்.எல்.ஏ. பி இருபத்தேழு, எச்.எல்.ஏ. பி இருபத்தேழு." அம்மம்மா பயந்துபோனா. பிள்ளைக்கு ஆரோ செய்வினை வைச்சுப்போட்டாங்கள், நூல் கட்டுவிப்பமோ எண்டு கேட்டா. "அது கம்பசில பிடிச்சதப்பா, சோதினை முடியத் தானா விட்டிட்டுப் போகும்" எண்டு நான்தான் மறிச்சு வைச்சிருக்கிறன்.

பயப்பிடாதை, உன்ர படிப்பைக் குழப்ப வரேல்லை. புத்தி சொல்லத்தான் வந்தனான். கேக்கிறதும் விடுறதும் உன்ர பாடு. நீ சத்தம் போட்டுப் பாடமாக்க, திண்ணையில கிடந்து கேட்டுக் கேட்டே நான் அரை டொக்டர் ஆயிட்டன். மிச்சத்தை என்ர முழங்காலும் ஆஸ்பத்திரிச் சுவரில ஒட்டின நோட்டீசுகளும் படிப்பிச்சுத் தந்ததுகள். கிளினிக்கில நம்பர் வருமட்டும் மனிசனுக்கு வேற என்ன வேலை?

முதல் புத்தி: இப்பிடியே படி. எங்கட புளியங்குளத்துக்கு வராத வருத்தமாப் பாத்துப் பாத்துப் படி, நல்ல பெறுபேறு வரும். சோதினைக்கு வாற நோயாளி ஒரு தனிச்சாதி மனிசர். லூபஸ் எண்டால் ரெண்டு கன்னத்திலயும் வண்ணத்துப்பூச்சி வடிவாச் சிவந்துகொண்டு வருவினம். மூக்கடியில இருந்து வாய்க்கு இறங்கிற மடிப்பை மட்டும் உன்ர புத்தகம் சொன்னபடி மறக்காமல் விட்டிட்டு வருவினம். டெர்மற்றோமயோசைற்றிஸ் எண்டால் கண்மடலில ஊதா, விரல் மொளியளில சிவப்புப் புடைப்பு. ஸ்க்ளீரோடெர்மா எண்டால் தோல் இறுகி, குளிருக்கு விரல் வெள்ளையாகி நீலமாகிப் பிறகு சிவக்கும். கேட்ட கேள்விக்கு மட்டும் மறுமொழி சொல்லுவினம். மாட்டைப் பற்றி ஒரு சொல்லுக் கதைக்க மாட்டினம்.

எங்கட சனம் அப்பிடியே? நெடுங்கேணி றோட்டால வந்து சந்தியில பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போற மனிசி, முதலில ஆனை வந்து வாழையை முறிச்ச கதை சொல்லுவா. பிறகு மகன் வெளிநாட்டில இருந்து காசு அனுப்பாத கதை. கதிரையை விட்டு எழும்பேக்கைதான், "பிள்ளை, காலமை எழும்பக் கை விறைச்சுக் கிடக்கு" எண்டு ஒண்டு சொல்லுவா. உன்ர சோதினைத்தாள் முழுக்க அதுக்குள்ள கிடக்கு.

விறைப்பெண்டால் என்ன? எங்கட ஆக்களுக்கு மடக்க ஏலாததும் விறைப்புத்தான், தொட்டால் தெரியாததும் விறைப்புத்தான். நீ அதை இங்கிலீசில கிறுக்கிக்கொண்டு ஓடினால் எதை எழுதுவாய்? மடக்க ஏலாமல் அரை மணித்தியாலத்துக்கு மேலை, சில பேருக்கு மணிக்கணக்கா நிண்டு, பிறகு மெல்ல இளகுதெண்டால் மூட்டுவாதத்தை நினை. ரெண்டு கையிலயும் ஒரே மாதிரி, விரலின்ர அடி மொளியும் நடு மொளியும் வீங்கியிருக்கும், நுனி மொளியை அநேகமாத் தொடாது. கொஞ்ச நேரத்தில விறைப்பு விட்டுப்போய், வேலை செய்யச் செய்ய நோக் கூடுதெண்டால் தேய்வு. அது அந்த நுனி மொளியைத்தான் தேடிப் பிடிச்சுக் கொட்டை கொட்டையாப் புடைப்பிக்கும். இரவில பெருவிரல் பக்கம் மரத்து, கையை உதறி உதறி எழும்புறாவெண்டால் மணிக்கட்டுக்குள்ள நரம்பு நெரியுது. தோலில ஒரு இடம் தொட்டாலும் குத்தினாலும் தெரியேல்லையெண்டால் அது வேற கதை, அதுக்குப் பிறகு வாறன்.

"மடக்க ஏலாதோ, தொட்டால் தெரியாதோ?" கேள்வி இவ்வளவுதான். இதைக் கேக்கிறதுக்குப் படிப்பு வேண்டாம். கேக்காமல் விடுறதுக்குத்தான் அஞ்சு வருசம் கம்பஸ் போகோணும்.

தமிழில வைத்தியமெண்டால், 1847 இல அமெரிக்காவில இருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் எண்ட மிஷன் வைத்தியரைக் கேள்விப்பட்டிருப்பாய். மானிப்பாயில இருந்து எங்கட பெடியளுக்குத் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்சவர். லண்டனில 1858 இல முதல் வந்த கிறேயின்ர உடற்கூற்றுப் புத்தகம், 1872 இல "மனுஷ அங்காதிபாதம்" எண்டு தமிழில அச்சாச்சு. கடலுக்கு அங்கால பிறந்த மனிசன் ஒவ்வொரு எலும்புக்கும் தமிழ் தேடித் திரிஞ்சிருக்கிறார். நீ இஞ்ச பிறந்து வளந்தவள், அம்மம்மா முழங்காலைக் காட்ட, "டீஜெனரேற்றிவ் சேஞ்சஸ்" எண்டிட்டுப் போயிட்டாய். மனிசி அது என்ர முழங்காலில இருந்து தொத்தின வருத்தமெண்டு நினைச்சு என்ர பாயைத் தூக்கித் திண்ணையில போட்டுது. நான் திண்ணைக்கு வந்த வரலாறு இதுதான். கிறீன் ஐயா இருந்திருந்தால் நான் உள்ளுக்குப் படுத்திருப்பன்.

உன்ர பி இருபத்தேழுக்கு வாறன். வயலால வந்து நாரி உளையுது எண்டுறவனுக்குப் படுத்தால் சுகம். அவனுக்குப் பேர் தேடி மினக்கெடாதை, மூட்டை தூக்கினவன் அவன். ஆனால் இளம் பெடியன் ஒருத்தன், விடியப்புறம் நாரி நோவில எழும்பி, முத்தத்தில நடக்க நடக்கத்தான் சுகமெண்டு மாதக்கணக்காச் சொல்லுறானெண்டால், அவனை விடாதை. முதுகெலும்பு ஒண்டோடொண்டு ஒட்டி மூங்கில் தடியாப் போக முன்னம் பிடிக்க வேண்டிய ஆள் அவன்தான். ஊர் அவனை நாலு மணிக்கு முத்தத்தில கண்டிட்டு, ஆரோ பெட்டையில மனசெண்டு கதை கட்டிப்போடும். இரத்தச் சோதினையில அந்த பி இருபத்தேழு இருக்கெண்டு வந்திட்டுதெண்டு துள்ளாதை. அது உள்ளவையில கனபேருக்கு இந்த வருத்தம் வாறதேயில்லை.

இனி நோகாத சாமானுக்கு வருவம். எங்கட ஆக்கள் நொந்தால்தான் டொக்டரிட்டப் போவினம். சிலவேளை நொந்தாலும் போக மாட்டினம், வேள்வி முடியட்டும், அறுவடை முடியட்டும் எண்டு நிப்பினம். நோகாட்டில் ஏன் போகினம்? இந்தக் காட்டுக் கரையில மணல் ஈ எண்டு ஒண்டு இருக்கு. நுளம்பை விடச் சின்னன், சத்தமும் போடாது. விறகுக்கும் தேனுக்கும் மாடு சாய்க்கவும் போறவனைக் கடிக்கும். கிழமைக் கணக்கா, மாதக் கணக்காப் போனாப்பிறகு முகத்திலயோ கையிலயோ ஒரு பரு. நோவில்லை, கடியில்லை. மெல்லப் பெருத்து நடுவில உடைஞ்சு, பொருக்குத் தட்டின புண்ணா நிக்கும். அவனும் சுண்ணாம்பைப் பூசிக்கொண்டு திரிவான்.

லீஷ்மேனியாசிஸ் எண்டு நீ சொல்லுவாய். சொல்லு பாப்பம், எந்தக் கிருமி? "டொனோவானி" எண்டால், உன்ர இந்தியப் புத்தகம் உடனே காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், காலா அசார், பீகார் எண்டு இழுத்துக்கொண்டு போகும். இலங்கையில அதே பேர்க்காரன் பெரும்பாலும் தோலோட நிண்டிடுறான். இஞ்சத்தைய மண்ணில பிடிச்ச முதல் ஆள் 1992 இல அம்பாந்தோட்டைப் பக்கம். 2001 க்குப் பிறகு கூடிச்சுது, வன்னிக் காட்டுக்குள்ள நிண்ட ஆமிக்காரருக்கும் கனக்க வந்தது. 2008 இல இருந்து கண்டால் அறிவிக்க வேணுமெண்டு சட்டம். ஈக்கு யூனிபோர்ம் தெரியாது, ஆமியைக் கடிச்ச ஈ மாட்டுக்காரனையும் கடிக்கும். புண்ணுக்குள்ள ஊசி போடுவினம், இல்லாட்டில் குளிரவைச்சு எரிப்பினம், மாறும். சோதினையில வண்ணத்துப்பூச்சிக்குத்தான் புள்ளி. ஈக்கு ஆர் புள்ளி போடுறது எண்டு நீ கேப்பாய், அதுவும் ஞாயம்தான்.

தொட்டால் தெரியாத இடத்தைப் பிறகு சொல்லுறன் எண்டனே. கொஞ்சம் வெளிறின, இல்லாட்டில் செம்மையான தேமல். வேர்க்காது, மயிர் உதிர்ந்திருக்கும், உணர்ச்சி இல்லை. முழங்கைக்கு உள்பக்கமாத் தடவினால் நரம்பு கயிறாட்டம் தடிச்சிருக்கும். தொழுநோய். நோர்வேக்காரன் ஹன்சன் 1873 இல கிருமியைக் கண்டவன். அந்தக் காலத்தில மட்டக்களப்பு மாந்தீவில கொண்டுபோய் விட்டிடுவினம், பிறகு ஊரும் இல்லை, உறவும் இல்லை. 1981 இல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைச்சுது. சின்னனாய்ப் பிடிச்சால் ஆறு மாதம், பரவியிருந்தால் ஒரு வருசம், முடிஞ்சுது. 1995 இல எங்கட நாடு ஒழிப்பு அளவைத் தொட்டிட்டுதெண்டு சொல்லிச்சினம். சனமும் அது ராசா காலத்து வருத்தமெண்டு நினைச்சுப்போட்டுது. இப்பவும் ஒவ்வொரு வருசமும் புது ஆக்கள் பிடிபடினம். கிருமி உள்ள போய் வெளியில காட்ட அஞ்சு வருசமும் செல்லும், இருவது வருசமும் செல்லும். நீ தேமலைக் கண்டால் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துக் கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார். அந்தப் பஞ்சுக்கு ஸ்கானை விடக் குறைஞ்ச விலை, அதால வாட்டில ஆரும் மதிக்கிறேல்லை.

கடையில வாங்கிப் பூசுற வெள்ளைக் கிரீமைப் பற்றியும் ஒரு சொல்லு. படர்தாமரைக்கு ஸ்ரீரொயிட் கிரீமைப் பூசினால் கடி நிக்கும், சிவப்பு மங்கும், பூஞ்சணம் மட்டும் உள்ளால பரவும். பிறகு உன்னட்ட வரேக்கை அது புத்தகத்தில உள்ள எந்தப் படத்திலயும் இராது. "என்ன பூசினனீங்கள்?" எண்டு கேள். "ஒண்டும் இல்லை" எண்டுவினம். கையில உள்ள பையைப் பார்.

இப்ப பகிடி இல்லை, கொஞ்சம் கிட்ட வா. 1997 இல ஆமியின்ர ஜெயசிக்குறு சண்டை இந்தப் புளியங்குளச் சந்தியில மாதக்கணக்கா நிண்டது. பிறகு 2009 இல கடைசிச் சண்டை. இஞ்சத்தைய ஆக்களில கனபேர் உடம்புக்குள்ள ஷெல் துண்டோட வயல் செய்யினம். நாரி நோவெண்டு வந்தவனை எம்.ஆர்.ஐ.க்கு எழுத முன்னம், உள்ளுக்கு இரும்பு கிடக்கோ எண்டு கேள். காந்தம் இழுக்கும். கண்ணுக்குள்ளயோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலயோ கிடந்தால் பெரிய ஆபத்து. அவன் தானாச் சொல்ல மாட்டான், சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனவன். எங்க, எப்ப காயப்பட்டது எண்டு விசாரணைக்காரர் மாதிரிக் கேளாமல், மருந்துக்காரியாக் கேள். சந்தேகமெண்டால் முதலில ஒரு எக்ஸ்ரே. அதைப்போல, பொய்க்கால் போட்டவை வந்தால் காலைக் கழட்டச் சொல்லிப் பார். வெயிலில வேர்த்து, உரசி, துண்டிச்ச நுனித் தோல் புண்ணாயும் பூஞ்சணமாயும் கிடக்கும். எலும்பையும் தோலையும் ஏன் ஒரு கட்டாய்ப் படிப்பிக்கினமெண்டு அப்ப விளங்கும்.

நோவெண்டு வந்தால் குளிசையைக் கொட்டிக் குடுத்து அனுப்பாதை. டைக்ளோபெனாக் சுகமாத்தான் இருக்கும், எனக்கும் விருப்பம்தான். ஆனால் அது சிறுநீரகத்துக்குப் போற இரத்தத்தைக் குறைக்கும். தண்ணி குடியாமல் வெயிலில நிக்கிறவனுக்கு இன்னும் மோசம். பதவியா, மதவாச்சிப் பக்கத்தில 1990களில இருந்து காரணம் முழுசாப் பிடிபடாத சிறுநீரக வருத்தம் விவசாயிகளைத் தின்னுது. வவுனியாவிலயும் ஆக்கள் இருக்கினம். முதலில கிரியாற்றினினைப் பார், பிறகு குளிசை எழுது.

கவுட் எண்ட வருத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும். யூரிக் அமிலம் ஊசி ஊசியாய்ப் படிஞ்சு கால் பெருவிரலை இரவில கொழுத்தும். பியரையும் பங்கு இறைச்சி ஈரலையும் குறைக்கச் சொல்லு. நண்டுக் கூழைப் பற்றி மட்டும் அம்மம்மாவுக்கு முன்னால வாய் திறவாதை. திறந்தால் இந்த வீட்டில உனக்குப் படிப்புமில்லை, கூழுமில்லை.

போய்ப் படி. புள்ளி எடு, பாஸ் பண்ணு, பிறகு நியமனப் படிவத்தில வன்னியையும் ஒருக்கா எழுதிப் பார்.

வேலிக்கு அங்கால ஒட்டுக்கேட்டுக்கொண்டு நிக்கிறவைக்கும் ஒண்டு: உணர்ச்சி இல்லாத தேமலோ, நோகாமல் ஆறாமல் கிடக்கிற புண்ணோ வீட்டில ஆருக்கும் இருந்தால், அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ரெண்டுக்கும் மருந்து இருக்கு, காசு வேண்டாம்.