வெள்ளத்தில் வெற்றிகரமாக மாட்டிக்கொள்ள ஏழு வழிகள்

மம்சாபுரத்தில் வெள்ளம் என்று பேச்செடுத்தால் சிரிப்பார்கள். பங்குனிக்கே கிணற்றில் பாறை தெரியும் ஊரில் எவன் தண்ணீருக்குப் பயப்படுவான்? இந்தத் துணிச்சல் வீணாகக் கூடாது. ஐப்பசி பிறக்கும் முன் குடும்பத்தோடு பழகிக்கொள்ள எளிய வழிமுறைகள் இதோ.

1. தலைக்கு மேலே மட்டும் பாருங்கள். ஊரில் வெயிலடித்தால் ஆற்றிலும் ஆபத்தில்லை. "மேற்கே மலை கறுத்துக் கெடக்கு, அங்க பெய்யறது கொஞ்ச நேரத்துல இங்க வந்துரும்" என்று பெரிசுகள் சொன்னால் போனில் வானிலையைக் காட்டி வாயை அடையுங்கள். அய்யனார் கோயில் ஆற்றில் குளிக்க வனத்துறை தடை போட்டால், "நாங்க பாக்காத ஆறா?" என்று கேளுங்கள். 2015 மே மாதம், நல்ல கோடையில், சதுரகிரிக்கு அமாவாசை கும்பிடப் போன பக்தர்கள் காட்டாற்று வெள்ளத்தில் இறந்தார்கள். அதை மறந்தால்தான் அடுத்த பாடத்துக்குப் போகலாம்.

2. ஓடையில் மனை வாங்குங்கள். விலை மலிவு. "இருபது வருஷமா இதுல தண்ணியே வரல அண்ணாச்சி" என்பார் புரோக்கர். இருபத்தோராவது வருஷத்தைப் பற்றி அவரிடம் கேட்பது மரியாதையில்லை. மிச்சமிருக்கும் ஓடையைக் கோழிக்கழிவு, கிழிந்த மெத்தை, இடித்த செங்கல் ஆகியவற்றால் நிரப்புங்கள். கண்மாய் மறுகால் பாய்ந்தால் தண்ணீருக்கு உங்கள் வாசலைத் தவிர வேறு வழி இருக்கக் கூடாது.

3. பட்டா, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாம் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கட்டும். பாலிதீன் பையில் சுற்றிப் பரணில் ஏற்றுவது கோழைகளின் வேலை. பாட்டியின் பிரஷர் மாத்திரை எங்கே இருக்கிறது என்பது பாட்டிக்கும் தெரியாமல் இருந்தால் சிறப்பு.

4. தண்ணீர் பிளக் பாயிண்டைத் தொட்ட பிறகே மெயின் சுவிட்ச்சை நினைக்க வேண்டும். முன்கூட்டியே அணைத்தால் சீரியல் போய்விடும்.

5. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் பைக்கைக் குறுக்கே விடுங்கள். முழங்கால் அளவு ஓடும் நீரே ஆளைத் தள்ளிவிடும், இரண்டடி நீர் காரையே தூக்கிவிடும் என்பார்கள். ஆனால் உங்களுக்குப் பின்னால் மச்சான் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறாரே, பாதியில் திரும்பினால் மானம் போகாதா?

6. வெளியேறச் சொன்னால் வெளியேறாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் பதிவானது. அது கடலோரம், நமக்கென்ன என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடத்து முகாமில் சாம்பார் சரியிருக்காது என்றும் சேர்த்துக்கொள்ளலாம். மாட்டை மட்டும் கயிற்றை அவிழ்க்காமல் தொழுவத்திலேயே கட்டி வையுங்கள். அதற்கு நீந்தத் தெரியும் என்பது அதற்கு மட்டும் தெரிந்தால் போதும்.

7. வெள்ளம் வடிந்ததும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல், குளோரின் போடாமல் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச்சர்க்கரைக் கரைசல் வேண்டாம், கோலி சோடா போதும். விறகுக் குவியலில் வெறுங்கையை விடுங்கள். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டி, வாயால் உறிஞ்சி, மந்திரிப்பவரைத் தேடி அலையுங்கள். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அரசு மருத்துவமனை இருப்பதும், விஷமுறிவு ஊசி அங்கேதான் போடுவார்கள் என்பதும் யாருக்காவது ஞாபகம் வருவதற்குள் நேரம் ஓடிவிட வேண்டும்.

இத்தனையும் செய்யப் பொறுமையில்லாத சோம்பேறிகள் சிலர், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070, ஆம்புலன்ஸின் 108 ஆகிய மூன்று எண்களையும் அடுப்படிச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்திருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் சுவரை அசிங்கப்படுத்தாதீர்கள். போனிலேயே சேமித்து வையுங்கள். கரண்ட் போன மறுநாள் அதில் சார்ஜ் இருக்காது.