பொதுக்குழுவும் போண்டாவும்

எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொதுக்குழு போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூடியது. அழைப்பில் பத்து மணி. போண்டா பத்தரைக்குத்தான் என்பது ஊரறிந்த ரகசியம். ஆகவே கோரம் பத்து இருபத்தெட்டுக்குச் சேர்ந்தது.

முதல் விஷயம், தெருவில் தேங்கும் மழைநீர். 2015 டிசம்பரில் சென்னையே மிதந்தபோது கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சமைத்தவர்கள் நாங்கள். அதற்கப்புறம் ஆளாளுக்கு வாசலை உயர்த்திக்கொண்டோம். ஒருவர் ஜாக்கி வைத்து வீட்டையே மூன்றடி தூக்கிவிட்டார். உயர்ந்த வாசலுக்குக் கார் ஏற வேண்டாமா? சாய்தளம் போட்டோம். அது சரியாக வடிகாலின் வாய்மேல் உட்கார்ந்திருக்கிறது.

“தண்ணி ஏன் சார் போக மாட்டேங்குது? அதைத்தான் கண்டுபிடிக்கணும்” என்றார் பொருளாளர். அவர் வீட்டுச் சாய்தளம் கிரானைட்.

பேச்சு மழைநீர் சேகரிப்புக்குத் தாவியது. 2003-இல் தமிழ்நாடு முழுக்கக் கட்டாயமாக்கியபோது வெட்டிய குழிகள் பத்திரமாகவே இருக்கின்றன. எதிர்வீட்டுக் குழிமேல் துளசி மாடம். எங்கள் குழிமேல் செருப்பு ஸ்டாண்டு (நான் மட்டும் என்ன யோக்கியனா?). மே மாதம் லாரித் தண்ணீருக்குப் பணம் எண்ணும்போது அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி.

சந்தா பாக்கிப் பட்டியலை வாசித்தபோது பாதிப் பேருக்கு அவசரமாக போன் வந்தது.

கடைசியில் வடிகாலை ஆராய ஐவர் குழு அமைத்தோம். ஐவருமே சாய்தளக்காரர்கள். முதல் கூட்டம் மழையெல்லாம் ஓய்ந்து, தை பிறந்த பிறகு. அன்றைக்கு மெதுவடை என்று பேச்சு.