ஓஹியோவில் ஒரு மல்லாட்டைப் புழு

தேவனாம்பட்டினத்து அம்மாவுக்கு இந்த முறை வந்த கடிதத்தில் பேரப்பிள்ளைகள் படிப்பு இல்லை, சம்பளம் இல்லை. முழுக்கப் புழு. எழுதிய மகன் இருப்பது அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்து ஈரி ஏரிக்கரையில். அக்கரை தெரியாத ஏரி, அலைகூட அடிக்கும். உப்பும் கருவாட்டு வாசமும் இல்லையே என்பது அவருடைய பழைய குறை.

அக்டோபரில் ஒருநாள் வாசற்படியோரம் கம்பளிப்பூச்சி ஒன்று விறுவிறுவென்று ஓடியிருக்கிறது. இரு முனையும் கறுப்பு, நடுவில் செம்பழுப்பு. அவருக்கு விருத்தாசலம் பக்கத்து மாமாவின் மல்லாட்டைக் கொல்லை ஞாபகம் வந்துவிட்டது. அங்கே மழை விழுந்ததும் மண்ணுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி கிளம்பும். அதன் சிவப்புக் கம்பளிப்புழு கொல்லை விட்டுக் கொல்லை படையெடுக்கும். ராத்திரியில் தீ மூட்டி அந்துப்பூச்சியை இழுப்பார்கள். வரப்போரம் பள்ளம் வெட்டிப் புழுவை மடக்குவார்கள். அந்தப் புழுவும் செம்பழுப்புதான், இரு முனையிலும் கறுப்புப் பட்டைதான். அதே புழு விசா இல்லாமல் இங்கே வந்துவிட்டதே என்று, விசாவுக்குத் தான் பட்ட பாட்டை நினைத்தபடி இவர் செருப்பைக் கழற்றியிருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அலறிக்கொண்டு ஓடிவந்தாராம்.

சாயல்தான் ஒன்று, ஆள் வேறு. இரண்டும் புலி அந்துப்பூச்சி வகையில் பங்காளிகள். ஆனால் இது தனியாகத் திரியும், கண்ட புல் பூண்டைத் தின்னும், தொட்டால் பந்தாகச் சுருளும். வளர்ந்தால் இசபெல்லா என்ற மஞ்சள் அந்துப்பூச்சி. உள்ளூரில் இதற்குப் பேர் ‘கம்பளிக் கரடி’, தொழில் ஜோசியம். நடுப்பட்டை அகலமாக இருந்தால் குளிர் குறைவு. கறுப்பு மிகுந்தால் கடுங்குளிர்.

கடலூர்க்காரருக்கு வானிலை என்றால் துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயலைப் பார்த்த குடும்பம் வேறு. புழுவின் முதுகில் கூண்டு ஏற்றும் ஊரை நினைத்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்தப் புழுவுக்குத் திருவிழாவே உண்டு. கிளீவ்லாந்து தொலைக்காட்சியில் வானிலை சொன்ன டிக் காடர்ட் 1973-இல் ஆரம்பித்தது. 1981 முதல் ஏரிக்கரை ஊரான வெர்மிலியனில் நடக்கிறது. மாசி மகத்துக்கு நம் கடற்கரையில் சாமிகள் வரிசைகட்டுவது போல அங்கே ஊர்வலம். குழந்தைகளுக்குக் கம்பளிப்பூச்சி வேஷம். புழுக்களுக்கு ஓட்டப்பந்தயமும் உண்டு.

ஜோசியம் பலிக்குமா? நியூயார்க் அருங்காட்சியகத்துப் பூச்சியியலாளர் கர்ரன் 1948-இல் பேர் மவுண்டன் என்ற மலையில் புழுக்களைப் பிடித்து, 13 கணுக்களில் எத்தனை பழுப்பு என்று எண்ணினார். அது பத்திரிகையில் வந்ததும் புழுவின் புகழ் பரவிவிட்டது. ஆனால் புழு தோலுரிக்க உரிக்கப் பழுப்புப் பட்டை அகலமாகும் என்பதுதான் விஷயம். வயதையும் கடந்துபோன பருவத்தையும் அது காட்டும். வரப்போகும் குளிரை அல்ல. பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் சொல்லும் ஜோசியர்!

குளிரைத் தாங்குவதில் மட்டும் அது கில்லாடி. சருகுக்கடியில் உடம்பு உறைந்து கிடக்கும். வசந்தத்தில் உருகி, எழுந்து நடக்கும். இரண்டு ஸ்வெட்டருக்குள்ளும் நடுங்கும் மகன் இந்தப் பத்தியைக் கொஞ்சம் பொறாமையோடுதான் எழுதியிருக்கிறார்.

அம்மாவின் பதில் வாட்ஸப்பில் குரலாகப் போனது. “மாசி மகத்துக்கு வாடான்னா லீவு இல்லங்கற. புழு திருவிழாவுக்கு மட்டும் எப்புடிடா லீவு குடுக்குறான்?”