அரட்டை முகவரிப் பகுபத உறுப்பிலக்கணம்

பகுபதத்துக்கு உறுப்பு ஆறு என்றது நன்னூல். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். பத்தாம் வகுப்போடு இவற்றை ஏறக்கட்டியவர்கள் அறிக: இன்றும் இராப்பகலாகப் பதம் பிரித்துக்கொண்டிருக்கும் மாணவன் ஒருவன் உண்டு. பிபூமி என்பது பெயர். எக்ஸ்எம்பிபி என்ற அரட்டை ஊராரை ஐஆர்சி என்ற இன்னோர் அரட்டை ஊருக்குள் அழைத்துப்போகும் நுழைவாயில் நிரல். அவனிடம் தரப்படும் சொல் இப்படி இருக்கும்:

#வாசல்%சர்வர்.நெட்@நுழைவாயில்.நெட்

வாசல், பகுதி. சர்வர்.நெட், விகுதி. நடுவே நிற்கும் % இடைநிலை. @ என்பதோ ஏழாம் வேற்றுமை உருபு. 'நுழைவாயிலின்கண்' என்று விரிக்க. ஐஆர்சி சர்வருக்கும் ஓர் @ போட்டால் என்ன என்பார்க்கு: ஒரு முகவரிக்கு ஓர் @தான். அதனால்தான் அந்தக் கால மின்னஞ்சல்காரர்களும், கடிதத்தை இன்னொரு கணினி வழியாக அனுப்ப நேர்ந்தபோது, உள்ளே இருந்த @ஐ % ஆக்கினார்கள். பிபூமி பிழைப்பது அந்தப் பழைய வழக்கில்தான்.

இனித் திணை. தமிழில் 'வந்தான், வந்தது' என்று கடைசியில்தான் திணை தெரியும். அதுவரை பொறுமை வேண்டும். இங்கே முதலெழுத்திலேயே தீர்ப்பு. # அல்லது & போன்ற குறி இருந்தால் அறை, அஃறிணை. இல்லையேல் ஆள், உயர்திணை. %உம் இல்லாமல் சர்வர்.நெட் என மொட்டையாக நின்றால் சர்வரே. சர்வர் எத்திணை என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அது கோபித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அற்றேல், அறைப் பெயருக்குள்ளேயே % வந்தால் எங்கே வெட்டுவது என்பது கடா. வரக்கூடும். 1993இல் வெளியான ஐஆர்சி நெறிமுறை அறைப் பெயருக்கு 200 எழுத்து வரை தாராளம் காட்டி, இடைவெளி, காற்புள்ளி, மணியோசைக் குறி ஆகியவற்றை மட்டுமே விலக்கியது. % பாவம், விலக்கப்படவில்லை. கடைசி %இல் வெட்டுக என்பது என் விடை. என்னை? சர்வர் பெயரில் % வாராது ஆகலின்.

விகாரத்துக்கு உதாரணம் & என்று தொடங்கும் அறைகள். @க்கு இடப்பக்கம் & நிற்பதை எக்ஸ்எம்பிபி ஏற்காது. ஆகவே அது \26 எனத் திரியும். இது திரிதல் விகாரம். கெடுதல் விகாரமும் உண்டு, நிரல் எழுதியவர் இதை மறந்தால்.

ஆனால் என்னை மயக்கியது போலிதான். அகம் அகன் ஆவதுபோல, ஐஆர்சியின் அந்த நெறிமுறைப்படி மணி[ என்பவரும் மணி{ என்பவரும் ஒரே ஆள். காரணம் புவியியல். 1988இல் பின்லாந்தின் ஓலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் ஐஆர்சியை உருவாக்கினார். பகர அடைப்பின் குறியெண்ணில் அவர்கள் நாட்டுக் கணினிகள் புள்ளியிட்ட பெரிய 'ஏ'வை வைத்திருந்தன; நெளிவடைப்பின் குறியெண்ணில் அதன் சின்ன வடிவத்தை. அந்த எழுத்துகள் போய்விட்டன. உறவு மட்டும் நெறிமுறையில் தங்கிவிட்டது. இதை அறியாமல் பெயர்களை ஒப்பிடும் நிரல் ஒருவரையே இருவராக எண்ணி, இருவரையும் வரவேற்கும்.

கள ஆய்வும் செய்தேன். வாசல் என்ற அறையில் சேர எண்ணி, #ஐ விட்டுவிட்டு முகவரி எழுதி, "எல்லாருக்கும் வணக்கம்" என்று அனுப்பினேன். அந்தச் சர்வரில் வாசல் என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் இருந்திருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

"நான் ஒருத்தன்தாங்க இருக்கேன்."